உயிர்க்கலத்தின் வாயில்



கடலோரத்தில் வாழும் நமக்கு உப்பின் குணத்தை எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் மீனைப் பிளந்து உப்பிட்டு வைக்கும் பெண்கள், சிறிது நேரத்தில் அம்மீனிலிருந்து நீர் கசிந்து சட்டியின் அடியில் தேங்குவதை அறிவார்கள். மாங்காயை அரிந்து உப்பில் ஊறப்போட்டால் துண்டுகள் சுருங்குகின்றன. காய்ந்த பயற்றை நன்னீரில் இட்டாலோ விடியுமுன் பருத்து விடுகின்றது. கடலுக்குச் சென்றவனுக்குத் தாகம் எடுத்தால், நாற்புறமும் நீர் சூழ்ந்திருந்தும் ஒரு மிடறு பருக முடியாது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கிழக்குக் கரையைத் தாக்கியபோது, உயிர்களையும் இல்லங்களையும் வாரிச் சென்றதோடு அமையாது, ஆயிரக்கணக்கான கிணறுகளையும் உவராக்கிச் சென்றது. உவர்நீர் தேங்கிய நிலத்தில் வேரடியில் ஈரம் இருந்தும் பயிர் வாடும் என்பதை நம் உழவர் நன்கு அறிவர்.

இவையாவும் ஒரே விதியின் வெவ்வேறு தோற்றங்கள். உயிருள்ளவை அனைத்தும் கலங்கள் என்னும் மிக நுண்ணிய அறைகளால் ஆனவை. அவ்வறைகளுள் எது புகலாம், எது வெளியேறலாம் என்பதிலேயே வாழ்வும் சாவும் தங்கியிருக்கின்றன. இவ்விதியை மனிதன் சிறிது சிறிதாக அறிந்துகொண்ட வரலாற்றையும், அவ்வறிவு ஒரு குவளை நீரிற் கரைந்து எண்ணற்ற குழந்தைகளைச் சாவின் வாயிலிலிருந்து மீட்ட வரலாற்றையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

1748ஆம் ஆண்டிலே பிரான்ஸ் தேசத்துப் பௌதிக அறிஞர் நோலே என்பவர், ஒரு சிறு குப்பியில் மதுசாரத்தை நிரப்பி, அதன் வாயை விலங்கின் சிறுநீர்ப்பைத் தோலாற் கட்டி, நீருள் அமிழ்த்தி வைத்தார். சில மணி நேரம் சென்றதும் தோல் மேல்நோக்கிப் புடைத்து நின்றது. ஊசியாற் குத்தியபோது உள்ளிருந்த திரவம் பீறிட்டெழுந்தது. வெளியிலிருந்த நீர் தோலினூடாக உள்ளே புகுந்துவிட்டது. உள்ளிருந்த மதுசாரம் அவ்வளவு எளிதில் வெளியே வரவில்லை. ஏறத்தாழ எண்பது ஆண்டுகளின் பின், அதே நாட்டவரான டூட்ரோசே இந்நிகழ்ச்சியைத் தாவரங்களிலும் விலங்குகளிலும் ஆராய்ந்து அதற்கு ஒரு பெயரும் இட்டார். நம் பாடநூல்கள் பிரசாரணம் என்று வழங்குவது இதனையே. ஒரு மென்சவ்வின் இருபுறத்திலும் இரு கரைசல்கள் இருக்க, அச்சவ்வு நீரை விட்டுக் கரைந்த பொருளைத் தடுக்குமாயின், நீர் செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு கூடிய பக்கத்துக்குச் செல்லும். கருவாடும் ஊறுகாயும் இந்த ஒரு வாக்கியத்துள் அடங்கிவிடுகின்றன.

அடுத்து எழுந்த வினா, அந்த மென்சவ்வு எதனால் ஆனது என்பதாகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓவர்ற்றன் என்னும் அறிஞர், எண்ணெயிற் கரையும் பொருள்கள் கலத்துள் எளிதிற் புகுவதைக் கண்டு, அதன் புறச்சுவர் கொழுப்புத் தன்மை உடையதாதல் வேண்டுமென்று உரைத்தார். 1925ஆம் ஆண்டில் ஒல்லாந்து தேசத்தவரான கோர்ற்றர், கிறெண்டல் ஆகிய இருவரும் செங்குருதிக் கலங்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து நீரின்மேற் பரப்பினர். அது அக்கலங்களின் புறப்பரப்பைப்போல் இருமடங்கு இடத்தை மூடியது. ஆகவே கலத்தின் சுவர் கொழுப்பின் இரட்டைப் படலம் என்று அவர்கள் முடிவு செய்தனர். அவர்களுடைய அளவீட்டிற் சில குறைகள் இருந்தமை பிற்காலத்திற் புலனாயினும் முடிவு நிலைத்துவிட்டது.

எண்ணெயும் நீரும் ஒட்டுவதில்லை. நீரிற் கரையும் உப்பும் சீனியும் இக்கொழுப்பு மதிலைத் தாமாகக் கடக்க மாட்டா. அவற்றுக்கு வாயில்கள் வேண்டும். அவ்வாயில்கள் புரதங்களால் ஆனவை. ஒவ்வொரு வாயிலும் தனக்குரிய பொருளை மட்டுமே அறிந்து உள்ளே விடும். நீருக்கும் தனி வாயில் உண்டென்பதை அமெரிக்கரான பீற்றர் அகிரி 1992ஆம் ஆண்டளவில் நிறுவி, 2003ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

வாயில் மட்டும் போதுமா? நம் கலங்களுக்கு வெளியே சோடியம் மிகுதி, உள்ளே குறைவு. அது எப்போதும் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். அவ்வாறு கசிவதை வெளியேற்றும் கருவி எது என்ற கேள்விக்கு விடை தந்தது ஒரு நண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கௌ என்பவர் கடற்கரை நண்டின் கால் நரம்புகளை ஆராய்ந்து, சோடியத்தோடும் பொற்றாசியத்தோடும் தொடர்புடைய ஒரு நொதியத்தை 1957ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். ஓட்டை வள்ளத்தில் ஊறும் நீரை ஒருவன் ஓயாது இறைத்துக்கொண்டிருப்பதுபோல, இந்நொதியம் சோடியத்தை வெளியே தள்ளிப் பொற்றாசியத்தை உள்ளே எடுத்துக்கொள்கின்றது. உடலின் சக்தியிற் கணிசமான பங்கு இந்த இறைப்புக்குச் செலவாகின்றது. இக்கண்டுபிடிப்புக்காக நாற்பது ஆண்டுகளின் பின், 1997இல், ஸ்கௌ நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

நேயர்களே, இதுவரை கூறியது ஆய்வுகூடத்தின் கதை. இனி நோயின் கதைக்கு வருவோம்.

வாந்திபேதி எனப்படும் கொலரா 1817ஆம் ஆண்டில் வங்காளத்திலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றிவந்தது. மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை நாடி மன்னார் வழியே காட்டுப் பாதையில் நடந்துவந்த தென்னிந்தியத் தொழிலாளரிடையே அது செய்த அழிவு நம் நாட்டு வரலாற்றின் துயர ஏடுகளில் ஒன்று. இந்நோய் கடுமையாகக் கண்டவனின் உடலிலிருந்து மணிக்கு ஒரு லீற்றர் நீர்கூட வெளியேறிவிடும். காலையில் நலமாயிருந்தவன் மாலைக்குள் கண்கள் குழிந்து, தோல் சுருங்கி, நாடி ஒடுங்கி மாண்டுபோவான்.

1831ஆம் ஆண்டில் இந்நோய் பிரித்தானியாவை அடைந்தபோது, ஒஷோக்னசி என்னும் இருபத்திரண்டு வயது வைத்தியர் நோயாளரின் இரத்தத்தைச் சோதித்து, அதில் நீரும் உப்பும் பெரிதும் குறைந்திருப்பதைக் கண்டார். மறு ஆண்டில் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த தோமஸ் லாற்றா, உப்புநீரை நேரே நாளத்துட் செலுத்தி, சாகுந்தறுவாயில் இருந்த சிலரை எழுந்து உட்காரச் செய்தார். எனினும் அக்காலத்து வைத்திய உலகம் அதைக் கைவிட்டுவிட்டது. ஒஷோக்னசியோ இந்தியாவுக்குச் சென்று, பின்னர் அந்நாட்டில் தந்திக் கம்பிகளை நிறுவியதனாற் பெயர்பெற்றார். நாளவழி உப்புநீர் மீண்டும் உரிய இடத்தைப் பெறுவதற்கு முக்கால் நூற்றாண்டு கழிந்தது. பெற்ற பின்னரும், கிருமி நீக்கிய நீரும் ஊசியும் தேர்ந்த வைத்தியரும் உள்ள இடத்திலேயே அது பயன்பட்டது. கொலராவோ அவை ஒன்றும் இல்லாத இடங்களிலேயே பெரும்பாலும் தலைகாட்டியது.

இழந்த நீரை வாயாற் குடித்து ஈடுசெய்தலாகாதா என்று நீங்கள் கேட்கலாம். வெறும் நீரைக் கொடுத்துப் பார்த்தனர். உப்புநீரைக் கொடுத்துப் பார்த்தனர். அது குடலில் நில்லாது வெளியேறியது. நோயுற்ற குடல் எதையும் ஏற்காது, அதற்கு ஓய்வே மருந்து என்ற கருத்து வைத்தியரிடையே வேரூன்றியது. வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் நோய் கூடும் என்ற எண்ணம் நம் இல்லங்களிலும் நெடுங்காலம் இருந்தது. நீருக்காக அழுத பிள்ளைக்கு நீரை மறுத்த தாய்மார் அன்பினாலேயே அவ்வாறு செய்தனர் என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கின்றது.

இந்நிலையில் 1953ஆம் ஆண்டில், கல்கத்தாவைச் சேர்ந்த வைத்தியர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, லான்செற் என்னும் ஆங்கில வைத்திய ஏட்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். வாந்தியை அடக்க மருந்தும் கற்பூரவள்ளியின் சாறும் கொடுத்து, உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரைப் பருகச் செய்து, 186 நோயாளரைத் தாம் குணப்படுத்தியதாக அதில் எழுதியிருந்தார். அவர்களின் நோய் மிகக் கடுமையானதன்று. ஆயினும் மருந்து கையில் இருந்தது. உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு நோயாளர் குழு இல்லை என்பது ஒரு குறை. அது ஏன் பலித்தது என்று சொல்ல எவராலும் இயலவில்லை என்பது அதனினும் பெரிய குறை.

ஏழாண்டுகளின் பின் அந்த ‘ஏன்’ என்பதற்கு விடை வந்தது. 1960ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், அந்நாளில் செக்கோசிலோவாக்கியாவின் தலைநகராயிருந்த பிராகாவில் விஞ்ஞானிகள் கூடிய மாநாடு ஒன்றில், அமெரிக்கரான றொபேட் கிறேன் ஒரு கருத்தை முன்வைத்தார். சிறுகுடற் சுவரின் கலங்களிலே, குளுக்கோசும் சோடியமும் ஒன்றாக வந்தால் மட்டுமே அவற்றை உள்ளே ஏற்றுக்கொள்ளும் வாயில் உண்டு என்பதே அக்கருத்து. ஒரு பெட்டகத்துக்கு இரண்டு பூட்டுகள் இட்டு, திறப்புகளை இரு மரைக்காயர்களிடம் தனித்தனியே கொடுத்து வைத்தால், ஒருவர் மட்டும் வந்து அதைத் திறக்க முடியாது அன்றோ? இவ்வாயிலும் அத்தகையதே.

நண்டின் நரம்பில் ஸ்கௌ கண்ட இறைகருவி இங்கேயும் உண்டு. அது கலத்தினுள்ளே சோடியத்தைக் குறைத்து வைப்பதனால், வெளியே உள்ள சோடியம் உட்புக விரைகின்றது. விரையும்போது குளுக்கோசையும் உடன் இழுத்துச் செல்கின்றது. உப்பும் இனிப்பும் உட்சென்றதும், நோலே குப்பியிற் கண்ட விதிப்படி நீரும் அவற்றைப் பின்தொடர்கின்றது. இந்த வாயிற் புரதத்தின் அமைப்பை வகுக்கும் மரபணு 1987ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது.

கிறேன் இதைக் கூறுவதற்கு முந்திய ஆண்டில், கல்கத்தாவில் சம்புநாத் தே என்னும் வைத்தியப் பேராசிரியர் மற்றொரு பெரிய உண்மையை வெளிப்படுத்தியிருந்தார். கொலராக் கிருமியை வடித்து நீக்கிய நீர்கூட முயலின் குடலில் வெள்ளம்போல் நீரைச் சுரக்கச் செய்தது. குடலுக்குக் கேடு செய்வது கிருமி வெளியிடும் நஞ்சு என்பது இதனால் தெளிவாயிற்று. அந்நஞ்சு குடற்கலத்தினின்று உப்பு வெளியேறும் வாயில் ஒன்றைத் திறந்தபடியே நிறுத்திவிடுகின்றது. நீரும் உப்பின் பின்னே ஓடுகின்றது என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆனால் உப்பும் குளுக்கோசும் சேர்ந்து நுழையும் வாயிலை அந்நஞ்சு தொடுவதில்லை. வெள்ளம் புகுந்த வீட்டின் பின்கதவு உடைந்துகிடந்தாலும் முன்கதவு பழுதின்றி இயங்குவது போன்ற நிலை இது. நூற்றாண்டுக் காலமாக வைத்தியர்கள் மூடிக்கிடப்பதாக எண்ணியிருந்த கதவு, உரிய திறப்புகளுக்காகக் காத்திருந்தது.

ஆயினும் காரணம் தெரிந்த உடனே காரியம் கைகூடவில்லை. 1960களின் முற்பகுதியில் அமெரிக்கக் கடற்படை வைத்தியர் றொபேட் பிலிப்ஸ் மணிலாவில் குளுக்கோசு கலந்த உப்புநீரைக் கொடுத்துப் பார்த்தபோது, குடல் அதை ஏற்பதைக் கண்டார். அதன்மேற் செய்த சோதனையிலோ, இழந்ததற்கும் கொடுத்ததற்கும் இடையே அளவு பொருந்தாமையால் நோயாளர் ஐவர் இறந்தனர். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் முதுமொழி அங்கே மெய்யாயிற்று.

அளவைக் கண்டு நிறுத்தியவர்கள் டேவிட் நேலின், றிச்சட் காஷ் என்னும் இரு இளம் அமெரிக்க வைத்தியர்கள். அப்போது கிழக்குப் பாகிஸ்தானின் தலைநகராயிருந்த டாக்காவின் கொலரா ஆய்வுகூடத்தில் அவர்கள் பணியாற்றினர். துளையிட்ட கட்டிலின் கீழே வாளி வைத்து நோயாளர் இழந்த நீரை அளந்தனர்; இழந்த அளவுக்கு ஈடாக உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பருகக் கொடுத்தனர். நாளவழி நீரின் தேவை ஐந்தில் நான்கு பங்கு குறைந்துவிட்டது. 1968ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று. கல்கத்தாவிலும் அதே காலத்தில் இவ்வாறான ஆய்வுகள் நடந்தன.

எனினும் இவை வைத்தியசாலைக்குள், தேர்ந்த கண்காணிப்பில் நிகழ்ந்தவை. கல்லாத மக்கள் கையில் இதைக் கொடுக்கலாமா என்ற ஐயம் எஞ்சியிருந்தது. அந்த ஐயத்தைத் தீர்த்தது ஒரு பேரிடர்.

1971ஆம் ஆண்டு வங்காளதேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் எல்லை கடந்து மேற்கு வங்காளத்தில் அடைக்கலம் புகுந்தனர். எல்லையோர நகரான பொங்காவில் இருந்த முகாம்களிலே கொலரா பரவியது. அங்கு அனுப்பப்பட்ட கல்கத்தா வைத்தியர் திலீப் மகலனாபிஸ், பதினாறு கட்டில்களே உள்ள இரண்டு அறைகளையும், தரையெங்கும் கிடந்த நோயாளரையும் கண்டார். நாளவழி நீர் விரைவில் தீர்ந்துபோயிற்று. மேலதிகாரிகள் முறைப்படி வகுத்துக் கொடுத்த திட்டம் எதுவும் அவரிடம் இருக்கவில்லை. ஒரு லீற்றர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் கறியுப்பு, 2.5 கிராம் அப்பச்சோடா என்று நிறுத்துப் பொதிகள் கட்டச் செய்தார். பெரிய பீப்பாய்களிற் கரைத்துக் குழாய் பூட்டி வைத்தார். தாயும் தமக்கையும் தமையனும் குவளை குவளையாக எடுத்துச் சென்று தம்மவர்க்குப் பருக்கினர். முகாமில் நூற்றுக்கு முப்பதளவில் இருந்த இறப்பு, அவரது பராமரிப்பில் இருந்தோரிடையே நூற்றுக்கு நான்கினும் குறைந்தது. வைத்தியர் செய்ய வேண்டிய வேலையைப் பெற்ற தாய் செய்து காட்டினாள்.

வானொலி நேயர்களாகிய நமக்கு உவகை தரும் ஒரு செய்தியும் இங்கே உண்டு. எல்லைப் புறத்திலே இக்கலவையின் செய்முறையைத் துண்டுப் பிரசுரங்கள் அறிவித்ததோடு, மறைவிலிருந்து இயங்கிய வங்காளதேச வானொலியும் ஒலிபரப்பியது. பிரசுரத்தை வாசிக்கத் தெரியாதவருக்கும் செவி இருந்தது.

அதன்பின் உலகம் தாமதிக்கவில்லை. 1970களின் நடுப்பகுதியில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் இக்கரைசலை ஏற்றுப் பரப்பின. 1978இல் லான்செற் ஏடு, இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான வைத்திய முன்னேற்றமாக இது அமையக்கூடுமென்று எழுதிற்று. 1980களில் வங்காளதேசத்தின் பிராக் என்னும் தொண்டு நிறுவனத்தின் பெண் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, மூவிரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் நீர் என்று கற்பித்தனர். ஒரு கோடிக்கும் மேற்பட்ட இல்லங்களை அவர்கள் அடைந்தனர். தாய்மார் நினைவில் வைத்திருந்த அளவுக்கேற்பவே அப்பணியாளரின் ஊதியமும் கணக்கிடப்பட்டது. இதுவரை இம்முறையாற் காக்கப்பட்ட உயிர்கள் ஐந்து கோடிக்கும் மேல் என்பது ஒரு மதிப்பீடு. மகலனாபிஸ் 2022ஆம் ஆண்டில் மறைந்தார்; மறு ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதை அளித்தது.

நம் நாட்டில் ஜீவனி என்னும் பெயரால் வழங்கும் சிறு பொதி இந்த நீண்ட வரலாற்றின் பயனே. பிரசாரண விதி அப்பொதியின் நிறையையும் ஆளுகின்றது. கரைசல் செறிவு மிகுந்ததாயின், உப்பு மீனிலிருந்து நீரை இழுப்பதுபோல, அது உடலின் நீரைக் குடலுக்குள் இழுத்துவிடும். இக்காரணம் பற்றியே 2002ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் கரைசலின் செறிவைக் குறைத்தது. இன்றைய கணக்கு, ஒரு லீற்றர் நீருக்குக் குளுக்கோசு 13.5 கிராம், கறியுப்பு 2.6 கிராம், அவற்றோடு சிறிதளவு பொற்றாசிய உப்பும் சித்திரேற்று உப்பும் என்பதாகும். இனிப்பு மிகுந்த சோடாவையும் குளிர்பானங்களையும் வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்குக் கொடுக்கலாகாது என்று வைத்தியர் தடுப்பதும் இதே விதியினாலேயே ஆகும்.

நம் முன்னோர் நோயாளிக்கு உப்பிட்டுக் கொடுத்த கஞ்சியையும் இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம். 1980களில் டாக்காவிலே குளுக்கோசுக்குப் பதிலாக அரிசி மாவைச் சமைத்துச் சேர்த்துச் சோதித்தபோது, அதுவும் நல்ல பயன் தந்தது. அரிசியின் மாப்பொருள் குடலிற் சிறிது சிறிதாகக் குளுக்கோசாக மாறுவதால், கரைசலின் செறிவு கூடாமலே வாயிலைத் திறக்கப் போதிய இனிப்புக் கிடைக்கின்றது. நெல் விளையும் இம்மாவட்டத்தில் கஞ்சியை எளிய உணவென்று இகழ்வார் இருப்பின், அவர்கள் இதைச் சிந்திப்பாராக.

ஆனால் நேயர்களே, இவ்வரலாறு இன்னும் முடிந்துவிடவில்லை. உலகில் இன்றும் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் வயிற்றோட்டத்தால் இறக்கின்றனர். நோயுற்ற குழந்தைகளிற் பாதிக்கும் குறைவானோருக்கே இக்கரைசல் கிடைக்கின்றது. மாரி மழை பெய்து வெள்ளம் கிணறுகளுட் புகும் காலங்களில் நம் கரையும் இவ்வபாயத்துக்கு அப்பாற்பட்டதன்று. ஆதலின் தாய்மார் சிலவற்றை மனத்திற் பதித்துக்கொள்ளல் நன்று. பொதி முழுவதையும், அதிற் குறித்த அளவு கொதித்தாறிய நீரிலேயே கரைக்க வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஒரு நாள் கடந்த கரைசலை ஊற்றிவிட வேண்டும். பிள்ளை வாந்தி எடுத்தாற் சற்றுப் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடர வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. கண்கள் குழிந்தாலும், பிள்ளை சோர்ந்து பருக மறுத்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

சட்டர்ஜியிடம் மருந்து இருந்தது; காரணம் இருக்கவில்லை. கிறேனிடம் காரணம் இருந்தது. அவரோ நோயாளரைத் தேடிச் சென்றவர் அல்லர். இவை இரண்டும் சந்திக்கப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. அக்காலத்தில் இறந்தோர் எத்தனை பேர் என்பதை யார் கணக்கிட்டார்? ஆய்வுகூடமும் அடுப்படியும் ஒன்றையொன்று அறியாது தனித்தனியே நின்றால் உயிர்கள் வீணாகும் என்பதே இவ்வரலாறு நமக்கு விட்டுச் செல்லும் பாடம். பாடசாலையில் பிரசாரணத்தைக் கற்கும் பிள்ளைகள், அதைப் பரீட்சைத் தாளோடு விட்டுவிடாது வீட்டிலும் சொல்லுவார்களாக. தாய்மாரும் தாம் கண்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுவார்களாக. உப்பும் இனிப்பும் சேர்ந்து சென்றபோது திறந்த அந்தச் சிறு வாயில், அறிவும் அன்பும் சேர்ந்து செல்லும் இடத்திலேயே குழந்தைகளுக்குப் பயன்படுகின்றது.